குறுநடைப் பருவத்தில் உணவு மறுப்பும் உறக்க மாற்றமும்

குறுநடைப் பருவத்தில் உணவு மறுப்பும் உறக்க மாற்றமும் என்பன ஏறத்தாழ 1 முதல் 3 அகவை வரையான குழந்தைகளிடம் பரவலாகக் காணப்படும் இரு வளர்ச்சிசார் நடத்தைகள் ஆகும். அதுவரை கொடுத்ததை உண்டுவந்த குழந்தை வாயை மூடிக்கொள்வது, சில உணவுகளை மட்டுமே கேட்பது, புதிய உணவைக் கண்டால் முகத்தைத் திருப்புவது, உண்ட உணவைத் துப்புவது போன்றவை உணவு மறுப்பில் அடங்கும். பகல் உறக்கத்தை மறுப்பது, இரவில் நேரம் கடந்து உறங்குவது, நள்ளிரவில் விழித்து அழுவது, விடியுமுன் எழுவது போன்றவை உறக்க மாற்றத்தில் அடங்கும்.

பெரும்பாலான குழந்தைகளில் இவை நோயின் அறிகுறிகள் அல்ல. வளர்ச்சி வேகம் குறைவதும், தன்விருப்பு உணர்வு தோன்றுவதும், மூளையின் உறக்க ஒழுங்கு முதிர்வதும் ஒரே காலத்தில் நிகழ்வதன் விளைவுகளே இவை. ஆயினும் குடும்பத்தினர் இவற்றை எதிர்கொள்ளும் முறை தவறினால் இயல்பான ஒரு பருவமாற்றம் நீடித்த சிக்கலாக மாறக்கூடும். கட்டாயமாக ஊட்டுவதால் புரையேறும் இடர், உணவுக்குப் பதிலாகப் பாலை மட்டுமே கொடுப்பதால் ஏற்படும் இரும்புச்சத்துக் குறை, உறங்கவைப்பதற்காகச் சளி மருந்து கொடுத்தல் ஆகியன இவற்றுள் முதன்மையானவை.

பெயர்

தளர்ந்த சிறு அடிகளை எடுத்து வைக்கும் பருவம் என்ற பொருளில் இப்பருவம் குறுநடைப் பருவம் அல்லது தளர்நடைப் பருவம் எனப்படுகிறது. பிறந்தது முதல் ஓர் அகவை வரையான குழந்தை கைக்குழந்தை எனப்படும். நடக்கத் தொடங்கியது முதல் மூன்று அகவை வரை குறுநடைக் குழந்தை எனலாம். புதிய உணவை ஏற்க அஞ்சும் இயல்பு இக்கட்டுரையில் புத்துணவு அச்சம் எனக் குறிக்கப்படுகிறது.

உணவு மறுப்பு

காரணங்கள்

வளர்ச்சி வேகம் குறைதல்: உலக சுகாதார நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட வளர்ச்சித் தரங்கள் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்டவை. அவற்றின்படி நடுநிலை எடை பின்வருமாறு அமைகிறது.

- ஆண் குழந்தை: பிறப்பில் 3.3 கிலோகிராம், ஓர் அகவையில் 9.6 கிலோகிராம், இரண்டு அகவையில் 12.2 கிலோகிராம்.
- பெண் குழந்தை: பிறப்பில் 3.2 கிலோகிராம், ஓர் அகவையில் 8.9 கிலோகிராம், இரண்டு அகவையில் 11.5 கிலோகிராம்.

அதாவது முதல் ஆண்டில் ஏறத்தாழ 6 கிலோகிராம் கூடும் எடை, இரண்டாம் ஆண்டில் 2.6 கிலோகிராம் மட்டுமே கூடுகிறது. வளர்ச்சி குறையும்போது ஒரு கிலோகிராம் உடல் எடைக்குத் தேவைப்படும் உணவின் அளவும், அதனுடன் பசியும் குறைகின்றன. முதல் ஆண்டின் வேகத்தைப் பார்த்துப் பழகிய பெற்றோருக்கு, இயல்பான இக்குறைவு "குழந்தை ஒன்றுமே சாப்பிடுவதில்லை" என்பதாகத் தோன்றுகிறது.

புத்துணவு அச்சம்: மனிதன் அனைத்துண்ணி. பலவகை உணவுகளை உண்ண இயல்வது அவனுக்கு நன்மை. நஞ்சான ஒன்றை உண்டுவிடும் இடர் அதன் மறுபக்கம். அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் 1976 இல் இதனை அனைத்துண்ணியின் இரண்டக நிலை என விளக்கினார். தானே நடந்து சென்று கையில் கிடைத்ததை வாயில் இடும் பருவத்தில், அறியாத பொருளை, சிறப்பாகக் கசப்பானதையும் பச்சை நிறமானதையும், மறுக்கும் இயல்பு காப்பாக அமைந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. இவ்வியல்பில் மரபுக்கூறின் பங்கு பெரிது. இங்கிலாந்தில் 8 முதல் 11 அகவை வரையான இரட்டையர்களிடம் 2007 இல் வெளியான ஓர் ஆய்வு, புத்துணவு அச்சத்தில் குழந்தைகளிடையே உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 78 விழுக்காடு மரபுவழியானது என மதிப்பிட்டது. எனவே குழந்தை உண்ண மறுப்பதற்குத் தாயின் சமையலையோ வளர்ப்பையோ மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது.

தன்விருப்பு: "வேண்டாம்" என்பது இப்பருவக் குழந்தை விரைவில் கற்றுக்கொள்ளும் சொற்களுள் ஒன்று. அச்சொல்லுக்குப் பயன் உண்டா என்று குழந்தை சோதித்துப் பார்க்கும் முதல் இடங்கள் உணவும் உறக்கமும் ஆகும். விழுங்குவதையும் உறங்குவதையும் வேறு எவரும் குழந்தைக்காகச் செய்ய இயலாது.

உடல்நிலை: முதற் கடைவாய்ப் பற்கள் பொதுவாக 13 முதல் 19 மாதங்களிலும், கோரைப் பற்கள் 16 முதல் 23 மாதங்களிலும் முளைக்கின்றன. இக்காலத்தில் ஈறு நோவதால் மெல்லும் உணவைக் குழந்தை மறுக்கலாம். காய்ச்சல், வாய்ப்புண், மலச்சிக்கல், குடற்புழு ஆகியனவும் பசியைக் குறைக்கும். இரும்புச்சத்துக் குறையும் பசியின்மையை உண்டாக்கும்.

குழந்தை தனக்கு வேண்டியதை உண்கிறதா?

இக்கேள்வியை முதன்முதலில் சோதித்தவர்களுள் ஒருவர் அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிசு. 1926 இல் தொடங்கிய தமது ஆய்வில், அப்போதுதான் தாய்ப்பால் மறந்த குழந்தைகளின் முன் பலவகை எளிய உணவுகளைத் தட்டில் வைத்தார். பால், முட்டை, இறைச்சி, தானியம், காய், கனி என மொத்தம் 34 உணவுகள் பட்டியலில் இருந்தன. சர்க்கரை அதில் இல்லை. குழந்தை ஓர் உணவைச் சுட்டும்வரை செவிலியர் எதனையும் ஊட்டவோ பரிந்துரைக்கவோ கூடாது என்பது விதி. பங்கேற்ற 15 குழந்தைகளும் வெவ்வேறு விதமாக உண்டனர். ஆயினும் அனைவரும் நன்கு வளர்ந்தனர். ஆய்வின் முடிவுகளை 1939 இல் தொகுத்துரைத்த டேவிசு, உணவுகளைத் தேர்ந்து வைப்பது பெரியவர்களின் பணி என்பதையும், அவற்றிலிருந்து எடுத்துக்கொள்வது குழந்தையின் பணி என்பதையும் தெளிவாகக் கூறினார். தட்டில் இனிப்பும் பொரித்தவையும் இருந்திருந்தால் முடிவு இவ்வாறு இருந்திராது.

1991 இல் லீன் பர்ச்சும் அவருடைய குழுவினரும் 2 முதல் 5 அகவை வரையான 15 குழந்தைகள் ஆறு நாட்களில் உண்டவற்றை அளந்தனர். ஒவ்வொரு வேளையும் உண்ட ஆற்றலின் அளவு ஏறத்தாழ 34 விழுக்காடு மாறுபட்டது. ஆனால் நாள் முழுவதும் உண்ட மொத்த ஆற்றல் ஏறத்தாழ 10 விழுக்காடு மட்டுமே மாறுபட்டது. காலையில் குறைத்து உண்ட குழந்தை அடுத்த வேளைகளில் ஈடுசெய்தது. எனவே ஒரு வேளை உணவைக் கொண்டு கணக்கிடாமல் ஒரு நாள், ஒரு வாரம் எனக் கணக்கிடுவதே பொருத்தமானது.

வற்புறுத்தலின் விளைவு

குழந்தைகளிடம் காய்கறி வடிசாற்றைக் கொடுத்து நடத்தப்பட்டு 2006 இல் வெளியான ஓர் ஆய்வில், "முடித்துவிடு" என்று வற்புறுத்தப்பட்ட காலத்தை விட வற்புறுத்தப்படாத காலத்திலேயே குழந்தைகள் மிகுதியாகக் குடித்தனர். வற்புறுத்தப்பட்டபோது அவ்வுணவைப் பற்றிக் குறை கூறுவதும் மிகுந்தது. "இதைக் குடித்தால் அது தருவேன்" என்னும் கையூட்டு முறையும் நீண்டகாலப் பயன் தருவதில்லை. 1984 இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசு பெறுவதற்காகக் குடிக்கவைக்கப்பட்ட பானத்தின் மீது குழந்தைகளின் விருப்பம் குறைந்தது. பரிசு கொடுத்து உண்ணச் செய்யவேண்டிய பொருள் நல்ல பொருளாக இராது என்று குழந்தை முடிவு செய்கிறது போலும்.

கைப்பேசியில் காணொளி காட்டி ஊட்டுவது இந்நாளில் பரவலான பழக்கம் ஆகும். திரையில் ஆழ்ந்திருக்கும் குழந்தை வாயைத் திறக்கும். உணவும் உள்ளே செல்லும். ஆனால் அக்குழந்தை உணவின் சுவையையோ மணத்தையோ தன் வயிற்றின் நிறைவையோ கவனிப்பதில்லை. மறுநாள் திரை இல்லாமல் உணவு இல்லை என்ற நிலை உருவாகிறது.

எதிர்கொள்ளும் முறைகள்

பொறுப்புப் பகிர்வு: அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் 1980களில் முன்வைத்த இம்முறை இன்று பல நாடுகளில் குழந்தை மருத்துவர்களால் பரிந்துரைக்கப்படுகிறது. இதன்படி என்ன உணவு, எப்பொழுது, எங்கே என்பவற்றைப் பெற்றோர் முடிவு செய்வர். உண்பதா வேண்டாமா, எவ்வளவு உண்பது என்பவற்றைக் குழந்தை முடிவு செய்யும். ஒருவர் பணியில் மற்றவர் தலையிடும்போதே பூசல் எழுகிறது.

மீண்டும் மீண்டும் அறிமுகம்: இரண்டு அகவைக் குழந்தைகளிடம் 1982 இல் நடத்தப்பட்ட ஆய்விலும் பின்னர் வந்த பல ஆய்வுகளிலும், ஒரு புதிய உணவைப் பல முறை சுவைத்த பின்னரே குழந்தை அதனை விரும்பத் தொடங்குவது அறியப்பட்டது. இதற்குப் பொதுவாக 5 முதல் 15 முறை வரை தேவைப்படலாம். பெரும்பாலான குடும்பங்கள் மூன்று நான்கு முறைகளுடன் கைவிட்டுவிடுகின்றன. தட்டின் ஓரத்தில் கத்தரிக்காய்த் துண்டு ஒன்றை வைத்து, அதைப் பற்றி எதுவும் கூறாதிருப்பதும் ஓர் அறிமுகமே. தொடுதல், நசுக்குதல், முகர்தல், நக்கித் துப்புதல் ஆகியன உண்பதற்கு முந்தைய படிகள் ஆகும்.

ஏனைய வழிமுறைகள் பின்வருமாறு:

- நாளொன்றுக்கு மூன்று வேளை உணவும், இடையில் ஒன்று அல்லது இரண்டு சிற்றுணவும் என்னும் ஒழுங்கைக் கடைப்பிடித்தல். இடைப்பட்ட நேரத்தில் தண்ணீர் மட்டும் கொடுத்தல்.
- சிறிய அளவில் பரிமாறுதல். ஒவ்வோர் உணவு வகையிலும் ஓர் அகவைக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது தோராயமான கணக்கு ஆகும். போதாவிட்டால் குழந்தையே கேட்கும்.
- குழந்தை வழக்கமாக ஏற்கும் உணவு ஒன்றையாவது தட்டில் வைத்தல். எடுத்துக்காட்டாக, தயிர்ச்சோற்றை விரும்பும் குழந்தைக்குத் தயிர்ச்சோற்றுடன் வெந்த காரட்டுத் துண்டு ஒன்றை வைக்கலாம்.
- குடும்பத்தினர் உண்ணும் அதே உணவைக் காரம் குறைத்துக் கொடுத்தல். சேர்ந்து அமர்ந்து உண்ணல்.
- இட்லித் துண்டு, வெந்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம் போன்றவற்றைக் கையால் எடுத்து உண்ணவிடுதல். சிந்துவதைப் பொறுத்துக்கொள்ளல்.
- 20 முதல் 30 நிமிடங்களில் உணவு வேளையை முடித்தல். மறுத்தால் கடிந்துகொள்ளாமல் தட்டை எடுத்துவிடல். மாற்று உணவாகப் பாலோ ரொட்டியோ கொடுக்காதிருத்தல்.

பாலும் இரும்புச்சத்தும்

உணவு மறுக்கும் குழந்தைக்கு "வயிறாவது நிறையட்டும்" என்று பால் கொடுப்பது இயல்பான தாயுள்ளம். ஆனால் ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 650 கிலோகலோரி ஆற்றல் உள்ளது. ஏறத்தாழ 1,000 கிலோகலோரி போதுமான ஒரு குழந்தைக்கு இது நாளின் தேவையில் பாதிக்கும் மேலானது. எனவே பசி அடங்கி, உணவு மேலும் மறுக்கப்படும். பசும்பாலில் இரும்பு மிகச் சொற்பமாகவே உள்ளது. அதிலுள்ள சுண்ணச்சத்தும் பாற்புரதமும் பிற உணவுகளிலுள்ள இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. இவ்வாறு இரும்புக்குறை உண்டாகி, அதனால் பசி மேலும் குறைந்து, மீண்டும் பாலே உணவாகிறது. இச்சுழலை உடைக்கப் பசும்பாலின் அளவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டருக்குள் நிறுத்தி, குவளையில், உணவுக்குப் பின் கொடுப்பது பரிந்துரைக்கப்படுகிறது. தாய்ப்பாலை இரண்டு அகவை வரையும் அதற்கு மேலும் தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை ஆகும்.

இந்தியாவில் இது சிறு சிக்கல் அன்று. 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநல ஆய்வின்படி, 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். தமிழ்நாட்டில் இவ்வளவு 57.4 விழுக்காடு. 2018 இல் தொடங்கப்பட்ட குருதிச்சோகை ஒழிப்புத் திட்டத்தின்கீழ், இவ்வகவையினருக்கு வாரம் இருமுறை 1 மில்லிலிட்டர் இரும்பு-போலிக் அமில நீர்மம் அரசால் வழங்கப்படுகிறது. இதில் 20 மில்லிகிராம் இரும்பு உள்ளது. முட்டை, மீன், இறைச்சி, பருப்பு, கீரை, கேழ்வரகு ஆகியவற்றுடன் எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்ற உயிர்ச்சத்து சி மிக்கவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் இரும்பு உறிஞ்சப்படுவது கூடும்.

உறக்க மாற்றம்

உறக்கத் தேவை

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, பகல் உறக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்குத் தேவையான உறக்கம் பின்வருமாறு:

- 4 முதல் 11 மாதங்கள்: 12 முதல் 16 மணி நேரம்
- 1 முதல் 2 அகவை: 11 முதல் 14 மணி நேரம்
- 3 முதல் 4 அகவை: 10 முதல் 13 மணி நேரம்

ஒரே அகவையினரிடையே மூன்று மணி நேர வேறுபாடு இயல்பானதாகக் கொள்ளப்படுவது கவனிக்கத்தக்கது. அண்டை வீட்டுக் குழந்தை 13 மணி நேரம் உறங்குவதால் 11 மணி நேரம் உறங்கும் குழந்தைக்குக் குறை இருப்பதாகாது. பகலில் குழந்தை சுறுசுறுப்பாக இருக்கிறதா என்பதே சிறந்த அளவுகோல் ஆகும்.

உறக்கம் இயங்கும் முறை

சுவிட்சர்லாந்து அறிவியலாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982 இல் முன்வைத்த இருசெயல் மாதிரி, உறக்கத்தை விளக்கப் பெரிதும் பயன்படுகிறது. முதலாவது உறக்க அழுத்தம். இது விழித்திருக்கும் நேரம் கூடக் கூட ஏறி, உறங்கும்போது இறங்கும். இரண்டாவது உயிரியற் கடிகாரம். இது ஒளியையும் இருளையும் கொண்டு இரவையும் பகலையும் உடலுக்கு அறிவிக்கிறது. மாலையில் மெலடோனின் என்னும் இயக்குநீர் சுரப்பதும் இதன் வழியே. இவ்விரண்டும் ஒருங்கே அமையும்போது குழந்தை எளிதில் உறங்கும்.

மாலை ஐந்து மணிக்கு உறங்கிய குழந்தைக்கு எட்டு மணிக்குப் போதிய உறக்க அழுத்தம் இராது. விளக்குகள் எரியும் அறையில் மெலடோனின் சுரப்பதும் தள்ளிப்போகும். 3 முதல் 5 அகவை வரையான பத்துக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வொன்றில், உறங்கப் போகுமுன் ஒரு மணி நேரம் செறிந்த ஒளியில் இருந்தவர்களின் மெலடோனின் அளவு ஏறத்தாழ 88 விழுக்காடு குறைந்தது.

பகல் உறக்கம் குறைதல்

ஓர் அகவையில் காலையும் பிற்பகலும் என இருமுறை உறங்கும் குழந்தை, பெரும்பாலும் 15 முதல் 18 மாதங்களில் ஒரே பகல் உறக்கத்துக்கு மாறும். 3 முதல் 5 அகவைக்குள் அதுவும் நின்றுவிடும். இடைப்பட்ட சில வாரங்கள் கடினமானவை. ஒருமுறை உறங்கினால் போதவில்லை, இருமுறை உறங்கினால் இரவு உறக்கம் வரவில்லை என்ற நிலை அப்போது காணப்படும். பகல் உணவை முன்னதாகவே கொடுத்து, உறக்கத்தைப் பிற்பகலின் தொடக்கத்துக்கு நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடங்களாக நகர்த்துவதும், அந்நாட்களில் இரவில் அரைமணி முன்பாகவே படுக்கவைப்பதும் உதவும். மிகக் களைத்த குழந்தை சோர்ந்து படுப்பதற்கு மாறாக ஓடியாடுவதும், சிறிய செயலுக்கும் அழுவதும் உண்டு. இதனை "உறக்கம் வரவில்லை" எனத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது.

இரவில் விழித்தல்

உறக்கம் பல சுழற்சிகளால் ஆனது. சிறு குழந்தைகளில் ஒரு சுழற்சி ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒவ்வொரு சுழற்சியின் முடிவிலும் எல்லாக் குழந்தைகளும் சிறிது விழிக்கின்றன. தானாக உறங்கப் பழகிய குழந்தை புரண்டு படுத்து மீண்டும் உறங்கிவிடும். தூளியில் ஆட்டப்பட்டோ தோளில் சாய்ந்தோ பால் குடித்துக்கொண்டோ மட்டுமே உறங்கப் பழகிய குழந்தை, நள்ளிரவில் விழிக்கும்போதும் அதே சூழலைத் தேடி அழும்.

இவ்வழக்கத்தை மாற்றப் பல முறைகள் உள்ளன. அமெரிக்க மருத்துவர் ரிச்சர்டு பெர்பர் 1985 இல் வெளியிட்ட நூலின் வழியே பரவிய முறையில், அழும் குழந்தையிடம் செல்லும் இடைவெளி படிப்படியாகக் கூட்டப்படும். இது குழந்தைக்குத் தீங்கு செய்யுமா என்பது நெடுங்கால விவாதம். உறக்கப் பயிற்சி பெற்ற குழந்தைகளை ஐந்து ஆண்டுகளுக்குப் பின் சோதித்து ஆத்திரேலியாவில் நடத்தப்பட்டு 2012 இல் வெளியான ஆய்வு, நீண்டகாலத் தீமையையும் நீண்டகால நன்மையையும் காணவில்லை. குழந்தையின் அருகே அமர்ந்து, ஒவ்வொரு சில நாட்களுக்கும் சற்றுத் தள்ளி அமரும் மெதுவான முறையும் உண்டு. பெற்றோருடன் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கும் குடும்பங்களுக்கு இதுவே எளிதாகப் பொருந்தும். ஒரே அறையில் உறங்குவது தன்னளவில் குறை அன்று. தட்டிக்கொடுப்பதைக் குறைத்து, கையை மட்டும் வைத்திருந்து, பின் குரல் மட்டும் கொடுத்து விலகுவது போதுமானது.

அச்சக்கனவும் இரவுத் திகிலும்

இவ்விரண்டும் வேறு வேறானவை. இரவுத் திகில் உறக்கத்தின் முதல் மூன்றிலொரு பகுதியில், ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழும். குழந்தை அலறும், கண் திறந்திருக்கும், ஆயினும் பெற்றோரை அடையாளம் காணாது. காலையில் நினைவும் இராது. எழுப்ப முயலாமல் விழுந்துவிடாதபடி காத்திருப்பதே போதும். அச்சக்கனவு இரவின் பிற்பகுதியில், விரைவிழியசைவு உறக்கத்தில் தோன்றும். அப்போது குழந்தை முழுதும் விழித்து அணைப்பைத் தேடும். அணைத்து ஆறுதல் கூறவேண்டும்.

படுக்கைக்கு முந்தைய ஒழுங்கு

சோடி மிண்டெல் என்பவரும் குழுவினரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், 7 முதல் 36 மாதக் குழந்தைகளை உடைய 405 தாய்மார் பங்கேற்றனர். குளியல், உடலை மெல்லத் தேய்த்துவிடல், அமைதியான செயல் என ஒரே வரிசையை நாள்தோறும் பின்பற்றிய குடும்பங்களில் குழந்தைகள் விரைவில் உறங்கின. இரவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மாரின் மனநிலையும் மேம்பட்டது. எந்தச் செயல் என்பதை விட, அதே செயல்கள் அதே வரிசையில் நடப்பதே முதன்மையானது. வெந்நீரில் உடல் துடைத்தல், உடை மாற்றுதல், பல் துலக்குதல், கதை, தாலாட்டு என்பதும் அத்தகைய வரிசையே.

படுக்கும் நேரம் பண்பாட்டைப் பொறுத்து வேறுபடும். 17 நாடுகளில் 29,287 குழந்தைகளைப் பற்றி 2010 இல் வெளியான ஒப்பாய்வில், சராசரிப் படுக்கை நேரம் நியூசிலாந்தில் இரவு 7.28 ஆகவும் ஆங்காங்கில் இரவு 10.17 ஆகவும் இருந்தது. தந்தை பணியிலிருந்து ஒன்பது மணிக்குத் திரும்பும் வீட்டில் குழந்தை ஏழு மணிக்கு உறங்கவேண்டும் என்பது நடைமுறைக்கு ஒவ்வாதிருக்கலாம். ஆனால் எழும் நேரமும் படுக்கும் நேரமும் நாள்தோறும் பெரிதும் மாறாதிருப்பது இன்றியமையாதது.

உணவுக்கும் உறக்கத்துக்கும் உள்ள தொடர்பு

இவ்விரு சிக்கல்களும் ஒன்றையொன்று வளர்க்கக்கூடியவை. இரவில் இருமுறை பால் குடிக்கும் குழந்தை காலையில் பசியின்றி எழுகிறது. காலை உணவு மறுக்கப்பட்டு, பதினோரு மணிக்குப் பசியும் களைப்பும் சேர்ந்து வருகின்றன. பால் குடித்து உறங்கிவிடுவதால் பகல் உணவும் தள்ளிப்போகிறது. பிற்பகல் உறக்கம் மாலைக்கு நகர்கிறது; இரவு உறக்கம் பதினொன்றைத் தொடுகிறது. அரைகுறையாக உண்ட குழந்தை நள்ளிரவில் மீண்டும் பாலுக்கு எழுகிறது. புட்டியை வாயில் வைத்தபடி உறங்குவதால் மேல் முன்பற்கள் சொத்தையாவதும் உண்டு.

இச்சுழலை ஓர் இடத்தில் உடைத்தால் ஏனையவையும் பெரும்பாலும் சீராகும். தொடங்குவதற்கு எளிய இடம் காலையில் எழும் நேரமாகும். இரவு எவ்வாறு கழிந்திருந்தாலும் குறித்த நேரத்தில் எழுப்பி, வெளிச்சத்தில் சிறிது நேரம் இருக்கச் செய்யவேண்டும். 18 மாதக் குழந்தை ஒன்றின் நாள் ஒழுங்குக்கு எடுத்துக்காட்டு வருமாறு:

- காலை 7.00: எழுதல்
- 7.45: இட்லி, பருப்பு, அரைக்குவளை பால்
- 10.00: பழம்
- பகல் 12.00: நெய்யும் பருப்பும் கலந்த சோறு, காய், முட்டை அல்லது மீன்
- 1.00 முதல் 3.00: உறக்கம்
- 4.00: சுண்டல் மசியல் அல்லது கேழ்வரகுக் கூழ்
- 5.00: வெளியில் விளையாட்டு
- 7.15: இரவு உணவு, பின் அரைக்குவளை பால், பல் துலக்கல்
- 8.15: விளக்கைக் குறைத்தல், கதை
- 8.45: உறக்கம்

இரவுப் பாலை ஒரே நாளில் நிறுத்த இயலாவிடின், ஒவ்வொரு சில இரவுகளுக்கும் 20 அல்லது 30 மில்லிலிட்டராகக் குறைத்து நிறுத்தலாம். மாற்றத்தின் பயன் தெரிய ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகலாம். காய்ச்சல், பயணம், புதிய குழந்தை பிறத்தல் போன்றவற்றால் ஒழுங்கு கலைவதும், பின் மீள்வதும் இயல்பே.

தவிர்க்க வேண்டியவை

- அழும் குழந்தையைப் படுக்கவைத்தோ மூக்கைப் பிடித்தோ பாலாடையால் வாயில் ஊற்றுதல். உணவு மூச்சுக்குழலுக்குள் செல்லக்கூடும்.
- முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, கடினமான முறுக்குத் துண்டு போன்றவற்றைக் கொடுத்தல். இவை மூச்சுக்குழலை அடைத்து உயிருக்கே இடராகலாம்.
- உறங்கவைப்பதற்காகச் சளி, இருமல் மருந்துகளைக் கொடுத்தல். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த கலவை மருந்தை 4 அகவைக்கு உட்பட்டோருக்குக் கொடுக்கக்கூடாது என 2023 இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது.
- பசியூட்டும் மருந்துகளை மருத்துவர் அறிவுரையின்றிக் கொடுத்தல். இதற்குப் பரவலாகப் பயன்படும் சைப்ரோயெப்டாடின் உறக்கக் கலக்கத்தை உண்டாக்கும் ஒரு மருந்து.
- துள்ளிப் புரளவும் எழுந்து நிற்கவும் கூடிய குழந்தையைத் தூளியில் தனியே விடுதல்.
- உடன்பிறந்தாருடனோ பிற குழந்தைகளுடனோ ஒப்பிட்டுப் பேசுதல்.

மருத்துவரை நாடவேண்டிய நிலைகள்

பின்வருவனவற்றுள் எது காணப்படினும் குழந்தை மருத்துவரிடம் காட்டுவது அவசியம்:

- எடை கூடாதிருத்தல் அல்லது குறைதல். வளர்ச்சி அட்டையில் கோடு கீழிறங்குதல்.
- விழுங்கும்போது இருமல், மூச்சுத்திணறல், அடிக்கடி வாந்தி.
- வெளிறிய கண்ணிமை, நகம். மண், சாம்பல், சுண்ணாம்பு ஆகியவற்றைத் தின்னல்.
- நீடித்த வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், மலத்தில் குருதி.
- ஏற்கும் உணவுகள் மேலும் மேலும் குறைந்துகொண்டே வருதல். இதனுடன் பேச்சுத் தாமதம், கண்ணோடு கண் பாராமை போன்றவை சேர்ந்திருத்தல். மதியிறுக்கம் உடைய குழந்தைகளில் உணவுத் தேர்வு மிகக் குறுகியிருப்பது உண்டு.
- நாள்தோறும் உரத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல். இது அண்ணச் சதை, மூக்கடிச் சதை வீக்கத்தால் ஏற்படலாம்.

எடையையோ உடல் வளர்ச்சியையோ பாதிக்கும் அளவுக்கு உணவைத் தவிர்ப்பது 2013 முதல் ஒரு தனி உணவுக் கோளாறாக அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் கையேட்டில் இடம்பெற்றுள்ளது.

குழந்தை ஒழுங்காக வளர்கிறதா என்பதை அறியச் சிறந்த வழி வளர்ச்சி அட்டை ஆகும். தமிழ்நாட்டில் அங்கன்வாடி மையங்களில் எடை அளந்து குறிக்கப்படுகிறது. இலங்கையில் பெற்றோரிடம் வழங்கப்படும் குழந்தையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் குடும்பநல உத்தியோகத்தர் இதனைக் குறிக்கிறார். எடை கோட்டின் வழியே சென்றுகொண்டிருக்குமானால், தட்டில் மீந்த சோற்றைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

தமிழ் இலக்கியத்திலும் வழக்கிலும்

உணவு மறுத்து ஓடும் குழந்தை சங்க இலக்கியத்திலேயே காணப்படுகிறது. போதனார் பாடிய நற்றிணை 110 ஆம் பாடலில், செல்வ வீட்டுச் சிறுமிக்குத் தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி, மற்றொரு கையில் சிறு கோலுடன் நரைத்த கூந்தலையுடைய செவிலியர் பின்தொடர்கின்றனர். அவளோ குடிக்க மறுத்துப் பந்தருக்குள் ஓடி அவர்களைக் களைப்படையச் செய்கிறாள். அவ்வாறு மறுத்தவள் மணமான பின், கணவன் வீட்டில் வறுமை வந்தபோது, தந்தை வீட்டு வளமான சோற்றை நினையாமல் ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்டு வாழ்கிறாள். இந்த அறிவை எங்கே கற்றாள் எனச் செவிலி வியக்கிறாள்.

பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூறு 188 ஆம் பாடல், சிறு நடை நடந்து வந்து, நெய்ச்சோற்றில் கையிட்டுத் துழவி, உடலெங்கும் பூசிக்கொள்ளும் குழந்தையை வாழ்வின் பயனாகக் கூறுகிறது. குழந்தை கையால் அளைந்து உண்பதை இன்றைய உணவியல் ஊக்குவிப்பதை இதனுடன் ஒப்பிடலாம்.

நிலவைக் காட்டி ஊட்டும் நிலாச்சோறு தமிழரிடையே நெடுங்கால வழக்கம் ஆகும். பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவம், நிலவைக் குழந்தையுடன் விளையாட அழைப்பதாக அமைவது. நிலாச்சோறும் கவனத்தைத் திருப்பும் முறையே எனினும் கைப்பேசியிலிருந்து அது வேறுபட்டது. நிலவைக் காட்டுபவர் குழந்தையுடன் பேசிக்கொண்டே அதன் முகத்தைப் பார்த்திருப்பார்; போதும் என்று அது தலையைத் திருப்புவதையும் காண்பார். தாலாட்டு, ஒரே இசையும் ஒரே சொற்களும் மீண்டும் மீண்டும் வருவதால், படுக்கைக்கு முந்தைய ஒழுங்கின் பழைய வடிவமாகக் கருதத்தக்கது.

இவற்றையும் பார்க்க

- தாய்ப்பாலூட்டல்
- குருதிச்சோகை
- உறக்கம்
- தாலாட்டு
- பிள்ளைத்தமிழ்
- அங்கன்வாடி